ஒப்பீட்டு முகம்

ஆச்சான் பிரமோத் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் பாதியிலேயே அவரைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். கெட்டவன் எவனாவது செய்திருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். நாலு வசவு வைதுவிட்டுப் போய்ச் சோறு தின்றிருப்பேன். நல்லவர் செய்த காரியம் என்பதால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் பெயர் ஜொஹரா. ரத்தினக்கல் வியாபாரத்துக்காகக் காயல்பட்டினத்திலிருந்து பாங்காக் வந்த குடும்பம். வாப்பாவுக்கு சீலோம் பக்கத்தில் கல் கடை. நான் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் இந்த ஊரில்தான். ஜொஹரா என்பது இவர்கள் வாயில் நுழையாது. சோ என்று கூப்பிடுவார்கள். சமூகவியல் படித்துவிட்டு பிரமோத்திடம் ஆய்வாளராகச் சேர்ந்தேன். ஆச்சான் என்றால் பேராசிரியருக்கான மரியாதைச் சொல். கடையில் உட்காராமல் ஊரார் வீட்டு அழுகையைக் கேட்கப் போகிறேன் என்று உம்மாவுக்குத் தீராத வருத்தம். "அடுத்தவ வூட்டு மௌத்துல ஒனக்கு என்ன ஜோலி?" என்பாள்.

அந்த ஜோலியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கூட்டம் கூடுவதும், கூட்டத்தின் மேல் சுடுவதும், சுட்டவர்களை மன்னிப்பதும் மழைக்காலம் மாதிரி வந்து வந்து போகும். சுட்டவன் பூமாலைத் தட்டோடு செத்தவர் வீட்டுக்கு வருவான். மண்டியிட்டுத் தட்டை நீட்டி, நெற்றி தரையில் படக் கும்பிடுவான். அவனுடைய மேலதிகாரிகள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கேமராக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நெருக்கியடிப்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தட்டைத் தொட்டு "மை பென் ராய்" என்பாள். பரவாயில்லை என்று அர்த்தம். மறுநாள் செய்தியில் அவள் மன்னித்துவிட்டதாக வரும், அதோடு வழக்கை ஊத்தி மூடிவிடுவார்கள்.

பிரமோத் அந்த வீடுகளுக்கெல்லாம் பரபரப்பு ஆறின பிறகு போய் உட்கார்ந்தார். பலரும் மன்னிக்கவேயில்லை. பெரிய மனிதர்கள் வீடு தேடி வந்து உட்கார்ந்திருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். க்ரேங் ஜை என்று இதற்கு இந்த நாட்டில் ஒரு சொல் இருக்கிறது. நாம் முகதாட்சண்யம் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஆனால் அதைவிட ஆழம் அதிகம். வாய் சொல்கிற மன்னிப்பு மன்னிப்பல்ல என்று அவர் எழுதினார். மேடைகளில் அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடையும். அது நடிப்பில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எழுதியதோடு விட்டிருக்கலாம். மன்னிப்புமானி செய்தார். கையில் ஒரு பட்டை, முகத்துக்கு எதிரே சின்ன கேமரா. நாடித்துடிப்பு, உள்ளங்கை வியர்வை, மூச்சு, கண்ணோரத் தசை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, எதிரே இருப்பவனை இந்த உடம்பு மன்னித்ததா இல்லையா என்று அது சொல்லும். நாங்கள் எதிர்பாராத வேகத்தில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. சமரச நீதிமன்றம் என்று ஒன்று வந்தது. கலவர வழக்குகளில் பாதிக்கப்பட்ட குடும்பம் உண்மையாகவே மன்னித்திருந்தால் வழக்கு முடிந்தது. மன்னிக்கவில்லை என்றால் விசாரணை நடக்கும். வாய்வார்த்தை கணக்கில் வராது. சட்டம் வந்த அன்று அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தோம். இனி எந்த ஏழையையும் மிரட்டி மன்னிக்க வைக்க முடியாது என்றார் பிரமோத். நானும் கைதட்டினேன்.

வாய் சொல்லும் 'ஆமாம்' செல்லாது என்றால் வாய் சொல்லும் 'இல்லை'யும் செல்லாது. இவ்வளவு படித்த கும்பலில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை.

எனக்கு அது உறைத்தது சம்லியின் வழக்கில்தான். கோன்கென் பக்கத்து ஆள். க்ளோங் தோய் மேம்பாலத்தடியில் தள்ளுவண்டியில் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் விற்கிறவள். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரே மகள், ஃபொன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. ஆர்ப்பாட்டக் கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போனவளை, கூட்டத்தைக் கலைக்க வந்த கேப்டன் அனுசித் சுட்டான். வீடியோ இருக்கிறது, அவனும் மறுக்கவில்லை. உத்தரவு வந்தது, சுட்டேன் என்றான். யார் உத்தரவு என்று மட்டும் சொல்லவில்லை. விசாரணை நடந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தாய்லாந்து வழக்கப்படி நான் அவளை மே என்று கூப்பிட்டேன். அம்மா என்று அர்த்தம். அவள் என்னை லூக், பிள்ளை, என்பாள். முதல் சந்திப்பிலேயே அவளுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டாள். "அவன் ஜெயிலுக்குப் போகணும்னுகூட இல்ல, லூக். யார் சுடச் சொன்னாங்கன்னு நாலு பேர் முன்னால அவனைக் கேக்கணும். அவன் பதில் சொல்லணும். அது என் காதுல விழணும்."

முதல் அளவீடு நீதிமன்றத்தின் சின்ன அறை ஒன்றில் நடந்தது. முறை எளிது. பாதிக்கப்பட்டவர் முதலில் தனக்கு எந்த விரோதமும் இல்லாத ஒருவரை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் ஒப்பீட்டு முகம் என்று பெயர். குடும்பத்தோடு பேசிப் பழகிய ஆய்வாளரே அந்த முகமாக உட்காருவது வழக்கம். அதன்பின் குற்றவாளியைப் பார்க்க வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பகை. சம்லி என்னைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள்கூட. பிறகு கேப்டன் மல்லிகை மாலைத் தட்டோடு முழங்காலில் நகர்ந்து வந்தான். அவனையும் பார்த்தாள். கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. திரை பச்சையானது.

"நான் மன்னிக்கல" என்றாள் சம்லி.

நீதிபதி ஒரு பெண்மணி, அதிர்ந்து பேசாதவர். அவர் கோபப்படவேயில்லை. "வாய் அப்படித்தாம்மா சொல்லும். மன்னிச்சிட்டேன்னு சொன்னா செத்த பிள்ளைக்குத் துரோகம்னு உங்களுக்கு ஒரு பயம். உங்க மனசு அதைத் தாண்டிப் போயிருச்சு. பெரிய புண்ணியம் அது" என்றார். சம்லி மறுபடியும் அதையே சொன்னாள். எழுத்தர் பரிவாகச் சிரித்தான். மூன்றாவது தடவை அவள் சொன்னபோது யாரோ அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு அந்த டம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

சட்டத்தில் ஒரே ஒரு மறு அளவீட்டுக்கு இடம் உண்டு. சம்லி கேட்டாள், கிடைத்தது.

அவள் தங்கியிருந்த அறைக்குப் போய், எப்படி அவ்வளவு அமைதியாக அவனைப் பார்த்தாய் என்று கேட்டேன். அவளுக்கே அது தெரிந்திருந்தது. மகள் போன பிறகு அவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்திருக்கிறாள். கடைசியில் பக்கத்துக் கோயில் பிக்கு ஒருவர் மூச்சைக் கவனித்து உட்காரச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து தினமும் அடுப்புக்கரி மூட்டுவதற்கு முன்னால் உட்காருகிறாள்.

"அவன் முகம் வரும். வந்தா மூச்சைப் பார்ப்பேன். மூச்சு போகும், வரும். முகம் போயிரும்" என்றாள். "அது பழகலைன்னா நான் எப்பவோ செத்திருப்பேன். மன்னிக்கிறது வேற, லூக். மூச்சு விடுறது வேற."

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. மன்னிப்பு எப்படி இருக்கும் என்று கருவிக்குக் கற்றுக்கொடுக்க, நிஜமாகவே மன்னித்த குடும்பங்களை ஊர் ஊராகப் போய் அளந்தோம். எங்கே வைத்து? கோயில் மண்டபங்களில். வாடகை கிடையாது, மின்விசிறி உண்டு, தரை குளுகுளுவென்று இருக்கும், கூப்பிட்டால் ஜனங்கள் தயங்காமல் வருவார்கள். வந்ததெல்லாம் கோயிலில் உட்கார்ந்து மூச்சுப் பழகியவர்கள். எங்கள் கருவி கற்றுக்கொண்டது மன்னிப்பை அல்ல, அந்த மூச்சை. முதல் வருட மாணவன் செய்தால் ஃபெயில் போடுகிற தப்பு இது. செலவு மிச்சம் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தோம்.

நேரே பிரமோத்திடம் போய்க் கத்தினேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு எனக்கு டீ ஊற்றினார்.

"தெரியும், சோ" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"சட்டம் வந்து கொஞ்ச நாள்லயே." டீயை என் பக்கம் நகர்த்தினார். "சுட்டவங்க மட்டுமா இதுல வெளிய வந்தாங்க? கல்லெறிஞ்ச பசங்க, வண்டியைக் கொளுத்தின பசங்க, எத்தனை பேரு. தீயில வெந்த போலீஸ்காரன் பொண்டாட்டியும் இதே கோயில்லதான் மூச்சுப் பழகினா. அவ மன்னிச்சதா மெஷின் சொல்லித்தான் அந்தப் பசங்க இன்னைக்கு வீட்ல இருக்காங்க. கருவி தப்புன்னு நான் நாளைக்குச் சொன்னா அத்தனை பேரும் திரும்ப உள்ள போகணும். சொல்லட்டுமா?"

அந்தப் பையன்களில் சிலரை எனக்குத் தெரியும். ஒருத்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"கருவி அப்படியே இருக்கட்டும்" என்றார் அவர். "சம்லி உடம்புல கோபம் தெரியணும், அவ்வளவுதானே? அவங்க அந்த மூச்சுப் பழக்கத்தை விடட்டும். நீங்க கூட இருந்து விட வைங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று நான் சொன்னேனே.

யா அல்லாஹ், அந்த வேலையை நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன். முதலில் அவள் காலையில் உட்காருவதை நிறுத்தினேன். அந்த நேரத்துக்கு நானே போய்க் கதவைத் தட்டுவேன். வீடியோவைப் போட்டுக் காட்டுவேன். ஃபொன் விழும் இடத்தில் நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி காட்டுவேன். மகள் தன் தோழிகளுக்கு அனுப்பியிருந்த குரல் பதிவுகளைத் தேடிப் பிடித்து வந்து போட்டேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பேட்டி முறை ஒன்று உண்டு. மறந்துபோன நினைவை வாசனை, துணி, நிறம் என்று கேட்டுக் கேட்டு மேலே கொண்டுவருவது. பிணவறையில் முதலில் எதைப் பார்த்தாய் என்று கேட்டேன். கால் விரலை என்றாள். நகத்தில் என்ன நிறம் பூசியிருந்தது என்று கேட்டேன்.

கோழியைத் திருப்பும்போது அவளுக்கு விரல்கள் வெந்தன. பழையபடி மூச்சு அடைத்தது. வாடிக்கையாளர் ஒருவர் மிளகாய்ச் சாறு கேட்டதற்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாளாம். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து நான் அவள் கையில் கட்டிவிட்டிருந்த பட்டை காட்டும் கோடு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். நன்றாக வருகிறது மே, என்றேன் அவளிடம்.

ஒரு நாள் கதவைத் திறந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாமே, லூக்" என்றாள். இன்னும் கொஞ்சம்தான் மே, ஃபொன்னுக்காகத்தானே என்றேன். உடனே வழிவிட்டாள். அவள் சுடும் கோழியை நான் சாப்பிட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு நாளும் எனக்கென்று தனியாக ஒட்டரிசியும் மாம்பழமும் நறுக்கி வைத்திருப்பாள். அதைத் தின்றுகொண்டேதான் வீடியோவைப் போடுவேன். க்ரேங் ஜை பற்றி அத்தனை பக்கங்கள் எழுதிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் எதிரே நின்று அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

மறு அளவீட்டு நாளில் சம்லி பாதி ஆளாகிப் போயிருந்தாள். அதே அறை. பிரமோத் நிபுணராக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீலின் முகத்தில் கவலை தெரிந்தது. அவளைப் பார்த்த எவருக்கும் அன்று பச்சை வராது என்றுதான் தோன்றியிருக்கும். எனக்கு உள்ளுக்குள் துள்ளல். வழக்கம்போல் நான் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

சம்லி என்னைப் பார்த்தாள்.

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு சர்ரென்று மேலே போனது. போய்க்கொண்டேயிருந்தது. பட்டை சரியாகக் கட்டவில்லை போலும் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் கண்ணைப் பார்த்த பிறகு பட்டையைச் சரிசெய்ய எனக்குக் கை போகவில்லை.

அவள் வீட்டுக் கதவைத் தட்டியது கேப்டன் அல்ல. நகத்தின் நிறத்தைக் கேட்டவன் அவன் அல்ல. அவனை அவள் நேரில் பார்த்ததே அந்த அறையில்தான். ஒவ்வொரு நாள் காலையும் அவள் மகளைச் சாகடித்துக் காட்டியது நான்.

நிமிடம் முடிந்தது. கேப்டன் தட்டோடு முழங்காலில் வந்தான். அவனைப் பார்த்ததும் கோடு நடுங்கியது, உயரத்தான் செய்தது. ஆனால் என் உயரத்துக்கு வரவில்லை. கருவிக்குத் தெரிந்தது கழித்தல் மட்டும்தான். கழித்தது. மிஞ்சியது பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. திரை பச்சையாயிற்று, போன தடவையைவிட அழுத்தமான பச்சை.

"முன்னைவிட ஆழமான மன்னிப்பு" என்றார் நீதிபதி. அவருக்கே கண் கலங்கியிருந்தது.

நான் எழுந்து கத்தினேன். ஒப்பீட்டு முகம் தப்பு, அவள் வெறுப்பது என்னை, இந்தக் கணக்கு செல்லாது என்றேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிபுணர் என்ன சொல்கிறார் என்று பிரமோத் பக்கம் திரும்பினார். அவர் எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, சம்லியையும் பார்க்கவில்லை. கருவி விதிப்படி வேலை செய்தது என்றார். அது பொய்யில்லை.

கேப்டன் விம்மி விம்மி அழுதான். தட்டை அவள் காலடியில் வைத்து நெற்றியைத் தரையில் வைத்தான். சம்லியின் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து கும்பிட்டன. அந்தக் கும்பிடைத்தான் சாயங்காலச் செய்தியில் காட்டினார்கள்.

நடையில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னை வழிமறித்து மரியாதையாகக் கும்பிட்டார். அடுத்து வரும் வழக்குகளுக்கும் நான்தான் ஆய்வாளரா என்று விசாரித்தார். அந்தக் குடும்பங்களையும் முன்கூட்டியே போய் அடிக்கடி பார்ப்பது நல்லது, நீதிமன்றத்திடம் தாங்களே என் பெயரைச் சொல்கிறோம் என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். செருப்பைக் கழற்றியிருப்பேன், வெளியே சம்லி தனியாக நிற்பாளே என்று ஓடினேன்.

பேருந்து நிறுத்தத்தில் வெந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காரப் பயமாக இருந்தது, நின்றேன். அவளே தள்ளி இடம் விட்டாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லை அவளிடம் எந்த வாயால் கேட்பது?

"உன்னைப் பார்த்தப்போ அதுல என்ன வந்துச்சு?" என்று அவளே கேட்டாள்.

சொன்னேன். இதுவரை நாங்கள் அளந்த எவரிடமும் அவ்வளவு வந்ததில்லை என்றேன்.

அவள் வெட்கப்படவில்லை, மறுக்கவுமில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினாள். "வந்திருக்கும். நீ கதவைத் தட்டுறப்பல்லாம் உன்னை இந்தக் கையால கொல்லணும்னு இருக்கும். நீ கெட்ட பொண்ணு இல்ல, எனக்குத் தெரியும். என்ன பண்றது, வந்துருச்சு."

அவள் போக வேண்டிய பேருந்து சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என் மகளைக் கொன்னவனை நான் மன்னிச்சுட்டேன்னு எழுதிட்டாங்க. இனிமே அதை யாரும் மாத்த முடியாது" என்றாள். "உன்னைப் பத்தி வந்ததையாவது எங்கயாவது எழுதி வைப்பாங்களா, லூக்? இந்தச் சம்லி மன்னிக்காத ஆள் ஒண்ணு இந்த உலகத்துல இருக்குன்னு ஒரு இடத்துல இருக்கட்டும். அது நீயாவே இருந்துட்டுப் போ."

"எழுதி வைப்பாங்க, மே" என்றேன்.

அவள் முகத்தில் அன்று முதல்முறையாகக் கொஞ்சம் தெளிச்சி வந்தது. ஏறி உட்கார்ந்து, பேருந்து திரும்பும்வரை ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

கழித்து முடித்ததும் ஒப்பீட்டு முகத்துக்கு வந்த அளவைக் கருவி அழித்துவிடும். அது எங்கேயும் இருக்காது.